கொழுந்தனார் பேங்கில் இருந்தால் என் கணக்கைப் பார்க்கலாமா?

தேவகோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்தே மணகோலம், சீப்புச் சீடை, கைமுறுக்கு செய்து ஆர்டருக்குக் கொடுக்கிறார், பணமெல்லாம் ஜிபேயில் வருகிறது. கணவரின் சித்தப்பா மகன் அதே வங்கிக் கிளையில் வேலை பார்க்கிறார். போன மாதம் ஒரு சாந்திக் கல்யாண (அறுபதாம் கல்யாணம்) வீட்டில், வளவில், அதாவது உள்முற்றத்தில், நாலு பேர் முன்னால், "அண்ணிக்கு என்ன குறை, மாசம் இவ்வளவு வருது, அதுல அவங்க அம்மாவுக்கும் போகுது" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து வீட்டில் சண்டை. இது போதாதென்று, ஒரு வாடிக்கையாளர் க்யூஆரிலிருந்து இவருடைய பேரையும் நம்பரையும் எடுத்து, ராத்திரி பத்து மணிக்கு மேல் "சாப்பிட்டாச்சா" என்று மெசேஜ் அனுப்புகிறார். யாருக்கும் தெரியாமல் பணம் வாங்க வழி இருக்கிறதா, அப்படி வாங்கினால் தப்பா என்பது அவர் கேள்வி.

முதலில் கொழுந்தனார் விஷயம், ஏனென்றால் பெரிய தப்பு அதுதான். விளையாட்டாகச் சொன்னார், சொந்தக்காரர்தானே என்று வீட்டில் சமாதானம் சொல்வார்கள். ஆனால் வேலைக்குத் தேவையில்லாமல் ஒரு வாடிக்கையாளரின் கணக்கைத் திறந்து பார்ப்பதே தவறு, அதை வெளியில் சொல்வது அதைவிடப் பெரிய தவறு. தேசியமயமான வங்கி என்றால் 1970ஆம் ஆண்டு வங்கி தேசியமயச் சட்டத்தின் 13ஆம் பிரிவே ரகசியம் காக்கச் சொல்கிறது, 1980இல் தேசியமயமானவற்றுக்கும் அதே கடமைதான். ஸ்டேட் பேங்குக்கு அதன் 1955ஆம் ஆண்டுச் சட்டத்தில் 44ஆம் பிரிவு. தனியார் வங்கி என்றாலும் தப்பிக்க முடியாது, வாடிக்கையாளரோடு உள்ள ஒப்பந்தத்திலேயே அந்தக் கடமை அடங்கியிருக்கிறது. சட்டம் கேட்டால், பொதுநலன் கேட்டால், வங்கியின் சொந்த நலனுக்குத் தேவைப்பட்டால், நீங்களே சம்மதித்தால் என்று நாலே விதிவிலக்குதான், இது 1924இல் இங்கிலாந்தில் வந்த டூர்னியர் வழக்கிலிருந்து இங்கேயும் ஏற்றுக்கொள்ளப்பட்டது. கொழுந்தனார் முறை அந்த நாலில் இல்லை. கணவர் முறையும் இல்லை, அவர் போய்க் கேட்டாலும் உங்கள் தனிக் கணக்கின் ஸ்டேட்மெண்டைத் தரக்கூடாது. ஜீவனாம்ச வழக்கு மாதிரி ஏதாவது வந்து நீதிமன்றம் கேட்டால் மட்டும் காட்டத்தான் வேண்டும்.

கனரா வங்கி சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 2004இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: வங்கியின் கையில் இருப்பதால் உங்கள் ஆவணம் அந்தரங்கம் இல்லாமல் போய்விடாது. 2017இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். இத்தனைக்கும் தேவகோட்டைப் பக்கம் வட்டித் தொழில் செய்து வளர்ந்த சீமை, ஒருத்தர் பேரேட்டை இன்னொருத்தர் கண்ணில் காட்டாமல் ரங்கூன் வரைக்கும் கொடுக்கல் வாங்கல் நடத்தியவர்களின் ஊர். இங்கே போய் இப்படி நடப்பது எனக்குக் கொஞ்சம் கூடுதலாகவே உறுத்துகிறது.

என்ன செய்யலாம்? கிளை மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். இன்ன தேதியில் இன்ன வீட்டில் இப்படிச் சொன்னார், அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் என் கணக்கை எந்த ஊழியர் எப்போது திறந்து பார்த்தார் என்ற பதிவை அழிக்காமல் வைத்து விசாரியுங்கள் என்று கேளுங்கள். வங்கிக் கணினியில் யார் ஐடியில் எந்தக் கணக்கு திறந்தது என்ற தடம் பதிவாகியிருக்கும். அந்தப் பதிவை உங்கள் கையில் தர மறுக்கலாம், ஆனால் விசாரிக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. நகலில் முத்திரை வாங்காமல் படி இறங்காதீர்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ சும்மா ஒப்புக்குப் பதில் வந்தாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது, ஆன்லைனிலேயே கொடுக்கலாம். 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, ஆனால் விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு 18 மாத அவகாசமும் கொடுத்திருக்கிறார்கள், அதோடு அபராதம் அரசுக்குப் போகுமே தவிர உங்களுக்கு நஷ்டஈடாக வராது. அதனால் இப்போதைக்கு அதை நம்பி உட்கார வேண்டாம்.

புகார் கொடுத்தால் அவர் வேலைக்கே பிரச்சினை வரும், பங்காளிகளுக்குள் மனக்கசப்பும் வரும். அந்த முடிவு உங்களுடையது. முதலில் அவரைக் கூப்பிட்டு, சாட்சிக்கு ஒரு பெரியவரை வைத்துக்கொண்டு எச்சரித்துப் பார்ப்பதென்றாலும் சரி, ஆனால் நடந்ததைத் தேதியோடு எழுதி வைத்துவிட்டுச் செய்யுங்கள்.

ஆனால் புகாருக்கு முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணக்கில் பதிவான மொபைல் நம்பர் யாருடையது? பல வீடுகளில் கணவர் நம்பர்தான் இருக்கும், ஒவ்வொரு வரவும் செலவும் எஸ்எம்எஸ்ஸாக அவருக்குப் போகும், பழியை வங்கி மேல் போடுவோம். அப்புறம், அம்மாவுக்கு அனுப்பும்போது குறிப்பு என்ற கட்டத்தில் "மருந்துச் செலவு" என்றெல்லாம் எழுதாதீர்கள், அது ஸ்டேட்மெண்டில் அப்படியே ஏறும்.

ராத்திரி மெசேஜ்காரருக்கு வருவோம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சங்கிதையின் 78ஆவது பிரிவு, விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பத் தொடர்பு கொள்வதைக் குற்றமாக்குகிறது, முதல் முறைக்கே 3 ஆண்டு வரை சிறை. "தெளிவாகக் காட்டிய பிறகும்" என்பதைக் கவனியுங்கள். சும்மா பிளாக் செய்துவிட்டு விட்டால் சொன்னதற்கு ஆதாரம் இல்லை. "ஆர்டர் தவிர வேறு எதற்கும் மெசேஜ் அனுப்பாதீர்கள்" என்று ஒரே ஒரு வரி அனுப்புங்கள், அதற்கு மேல் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு பிளாக் செய்யுங்கள், எதையும் அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். புகாரை மகளிர் காவல் நிலையத்திலோ சைபர் குற்ற இணையதளத்திலோ கொடுக்கலாம். 1930 பணம் பறிபோனவர்களுக்கான எண், இதற்கு அது வேண்டாம்.

பேர் தெரியாமல் வாங்க முடியுமா? யுபிஐயில் முடியாது, பணம் போடுபவருக்கு வங்கியில் பதிவான பேர் தெரியத்தான் செய்யும், ஏமாற்றைத் தடுக்கத்தான் அந்த ஏற்பாடு. ஆனால் அது உங்கள் பேராக இருக்க வேண்டியதில்லை. உத்யம் என்கிற சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு இலவசம், அதை வைத்துக் கடைப் பேரில் நடப்புக் கணக்கு தொடங்கி வியாபாரி க்யூஆர் வாங்கினால் திரையில் கடைப் பேர் வரும். மொபைல் நம்பரே யுபிஐ ஐடியாக இருந்தால் வேறு ஐடி வைத்துக்கொள்ளுங்கள், ஆர்டருக்குத் தனி சிம் போட்டுவிடுங்கள். டிஜிட்டல் ரூபாயை ரிசர்வ் வங்கி 2022 டிசம்பரிலிருந்து சில்லறைப் புழக்கத்தில் சோதித்து வருகிறது, சின்னத் தொகைக்கு ரொக்கம் மாதிரி அந்தரங்கம் இருக்கும் என்கிறார்கள், ஆனால் அந்த வாலட்டைத் தொடங்குவதற்கே உங்கள் நம்பரும் வங்கிக் கணக்கும் வேண்டும். ரொக்கம் வாங்குவது தப்பில்லை, ஒரே ஆளிடம் ஒரு நாளில் 2 லட்சத்தைத் தொடாதவரை.

சொந்தக்காரரிடமிருந்தும் வாடிக்கையாளரிடமிருந்தும் மறைக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு, வரித்துறையிடமிருந்து கிடையாது. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவை வைத்தே சின்னக் கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது, பயந்துபோய் பலர் க்யூஆரைக் கழற்றினார்கள். நீங்கள் கழற்ற வேண்டாம். புதிய முறையில் ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை வருமான வரி வராது, பொருள் விற்பவருக்கு ஜிஎஸ்டி பதிவும் இங்கே ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான். அவ்வளவுக்குச் சீப்புச் சீடை விற்கும் நாள் வரும்போது இன்னொரு கடிதம் எழுதுங்கள்.