வெள்ளிக்கிழமை ஒரு நாள்தான் ஓய்வு: புதுக்கோட்டை போய்வர முடியுமா?

கேள்வி: பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கும் பெண்கள் நாங்கள், 14 பேர். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி போன்றவர்கள் பெண்ணுரிமைக்காகப் போராடிய இடங்களைப் பார்க்க ஆசை. எங்களுக்கு வெள்ளிதான் ஓய்வு. அன்றைக்கு எல்லாம் மூடியிருக்குமாமே? ராமநாதபுரம் அரண்மனை, சிவகங்கை, புதுக்கோட்டை மூன்றுக்கும் பர்மிஷன் வாங்கி ஒரே நாளில் காட்டுகிறேன் என்று ஒரு ஏஜெண்ட் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: வெள்ளிக்கிழமையே போங்கள், அம்மா. ஏஜெண்ட் வேண்டாம்.

அன்று மூடியிருப்பவை அருங்காட்சியகங்கள். ராமநாதபுரம் அரண்மனையில் உள்ள ராமலிங்க விலாசத்துக்கும் புதுக்கோட்டை திருக்கோகர்ணம் அருங்காட்சியகத்துக்கும் வழக்கமாக வெள்ளி விடுமுறை. ஆனாலும் உங்களுக்கு நஷ்டமில்லை. நீங்கள் தேடுவது புதுக்கோட்டை மன்னர் கல்லூரியை. வெள்ளி அங்கே வேலை நாள்.

1886இல் அந்த ஊரில் பிறந்த முத்துலட்சுமி, பையன்கள் மட்டும் படித்த அந்தக் கல்லூரியில் எதிர்ப்பை மீறிச் சேர்ந்தார். 1907இல் சென்னை மருத்துவக் கல்லூரிக்குப் போனார். பின்னர் சென்னை மாகாணச் சட்டசபையில் துணைத் தலைவராக அமர்ந்து தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். அதற்கான சட்டம் முழுமையாக வந்தது 1947இல்தான். மகப்பேறு உதவித்தொகைக்கு நர்ஸம்மாவிடம் பதிந்தீர்களே, அந்தத் திட்டத்தின் பெயரில் இருப்பவர் இவரே.

பர்மிஷனுக்குக் கட்டணம் கிடையாது. குழுவின் லெட்டர்பேடில் கல்லூரி முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நாள், வரும் நேரம், 14 பேரின் பெயர், ஒரு செல்போன் எண், வரும் காரணம் ஒரு வரி. 15 நாளுக்கு முன்பே ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலைக் கையில் வைத்திருங்கள். போனில் 'வாங்க' என்று சொன்னதை நம்பிப் போனால் வாசல் காவலாளிக்கு அது தெரிந்திருக்காது, திருப்பி அனுப்பிவிடுவார். தேர்வு நடக்கும் நவம்பர், ஏப்ரல் மாதங்களைத் தவிருங்கள்.

சிவகங்கையை இதோடு சேர்க்காதீர்கள். சூரக்குளத்தில் 2014இல் திறந்த வேலு நாச்சியார் மணிமண்டபம் பார்க்க வேண்டியதுதான். 1730இல் நம் ராமநாதபுரத்தில் பிறந்தவர் அவர். ஆனால் அது ஒரு ராணி நாட்டை மீட்ட கதை. ஓட்டு, சொத்து, படிப்பு கேட்டுப் பெண்கள் கூடிய இயக்கம் பிற்காலத்தது. 1917இல் இந்திய மாதர் சங்கம் தொடங்கிய சென்னை அடையாற்றுக்குத் தனியாக ஒரு பயணம் போடுங்கள்.

இனி வண்டி. என் பெரிய கவலை அதுதான். வாடகை வண்டிக்கு மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு வேனை மலிவு என்று தலையில் கட்டுவார்கள். வழியில் விபத்து என்றால், சொந்த உபயோக வண்டியை வாடகைக்கு விட்டதாகச் சொல்லி இன்ஷூரன்ஸ் கம்பெனி கைவிரிக்கும். மேக்சி கேப் எனும் வாடகை வேன் என்றால் டிரைவர் போக 12 பேர்தான். நீங்கள் 14 பேர். 'நெருக்கி உட்காரலாம்' என்பவரிடம் ஏறாதீர்கள். வண்டி எண்ணை அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டு பர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்ஷூரன்ஸ் மூன்றின் தேதியையும் பாருங்கள்.

குழுவில் ஒருவரின் மகன் சொந்த வேனை வாடகை வாங்காமல் ஓட்டி வந்தால்? அதற்கு பர்மிட் பிரச்சினை இல்லை. ஆனால் அவர் பாலிசி வெளியாட்களுக்கான 'தேர்டு பார்ட்டி' மட்டும் என்றால், உள்ளே இருக்கும் உங்களுக்குப் பாதுகாப்பு இல்லை. 'பேக்கேஜ்' பாலிசியா என்று முதல் பக்கத்தைப் பார்த்துவிட்டு ஏறுங்கள். டீசலுக்குப் பங்கு போடுவதைத் தாண்டி ஆளுக்கு இவ்வளவு என்று வசூலித்தால் அதுவும் வாடகைதான். மறுபடி வெள்ளை போர்டு கதையே.

பாம்பனிலிருந்து சுமார் நாலு மணி நேரம் பிடிக்கும். விடியலில் ஆறு மணிக்குக் கிளம்புங்கள். மதியம் இரண்டரைக்குப் புதுக்கோட்டையை விட்டால், இருட்டும் நேரத்தில் பாலத்தில் இருப்பீர்கள்.