படித்தது ஏன் மனதில் நிற்பதில்லை? – கேள்வி பதில்

கல்வி உளவியலை நீண்ட காலம் கற்பித்தவன் என்ற முறையில், திருகோணமலை மாவட்டத்து மாணவர்களும் பெற்றோரும் ஆசிரியர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நோய் பற்றிய கேள்விகள் வைத்தியருக்கு உரியவை. அவற்றில் நான் வழிகாட்ட மட்டுமே முடியும்.

கேள்வி (உயர்தர மாணவி, உவர்மலை): உயிரியல் குறிப்புகளை நான்கைந்து தடவை வாசித்துவிட்டுத்தான் படுக்கிறேன் சேர். வாசிக்கும்போது எல்லாம் தெரிகிறது. வினாத்தாளைக் கண்டதும் ஒன்றும் வருவதில்லை. எனக்கு ஞாபகசக்தி குறைவா?

பதில்: குறைவில்லை, மகள். நீங்கள் வாசித்திருக்கிறீர்கள், ஆனால் வாசித்ததை மனதிலிருந்து எடுத்துப் பார்க்கவில்லை. நமது பத்து ரூபாக் குற்றியின் விளிம்புக்கு எத்தனை பக்கங்கள் என்று, அதைப் பார்க்காமல் சொல்ல முடியுமா? கையில் எடுத்து எண்ணிப் பாருங்கள், 11 பக்கங்கள் இருக்கும். தினமும் கடையில் கொடுத்து வாங்கும் பொருள்தான். ஆனால் அதைப் பத்து ரூபா என்று அடையாளம் காண விளிம்பை எண்ணத் தேவையில்லாததால், உங்கள் கவனம் ஒருநாளும் அந்த விளிம்பின்மேல் இறங்கவில்லை. அமெரிக்காவில் நிக்கர்சன், ஆடம்ஸ் என்ற இருவர் 1979இல் ஒரு சத நாணயத்தைக் கொண்டு இதையே ஆராய்ந்தார்கள். சரியான படத்தையும் பிழையான படங்களையும் கலந்து வைத்துத் தெரிவு செய்யச் சொன்னபோதுகூட, பாதிக்கும் குறைவானோரே சரியானதைக் கண்டுபிடித்தார்கள். கண்ணில் படுவது எல்லாம் மனதில் பதிவதில்லை.

இனி உங்கள் குறிப்புக்கு வருவோம். ரோடிகர், கார்ப்பிக் ஆகிய இருவர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு குழுவினர் ஓர் உரைப்பகுதியை நான்கு அமர்வுகளில் திரும்பத் திரும்ப வாசித்தார்கள்; இன்னொரு குழுவினர் ஓர் அமர்வில் மட்டும் வாசித்து, எஞ்சிய மூன்றிலும் உரையைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்தவர்களே முன்னணியில் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, வாசித்தவர்கள் 40 வீதம் அளவிலும் எழுதிப் பார்த்தவர்கள் 61 வீதம் அளவிலும் நினைவுகூர்ந்தார்கள். ஆனால் தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் திரும்பத் திரும்ப வாசித்த குழுவினரே. தெரிந்தது போல் இருப்பது வேறு, தெரிந்திருப்பது வேறு. பழகிய பக்கம் கண்ணுக்குத் தடையின்றி ஓடுவதை நாம் அறிவு என்று எண்ணிவிடுகிறோம்.

ஆகவே இன்று இரவு, சிறுநீரகத்தியின் அமைப்பை ஒரு தடவை கவனமாக வாசித்துவிட்டுக் கொப்பியை மூடுங்கள். வெற்றுத்தாளில் படத்தை வரைந்து பெயரிடுங்கள். தடுமாறினாலும் உடனே திறக்க வேண்டாம். முடிந்தபின் திறந்து, விட்டவற்றைச் சிவப்புப் பேனையால் குறியுங்கள். இரண்டு நாள் கழித்து, சிவப்பு விழுந்த இடங்களை மீண்டும் பாராமல் எழுதுங்கள். இது வாசிப்பதைவிடக் கடினமாக இருக்கும். அந்தக் கடினத்தைக் கண்டு மனம் தளர வேண்டாம்; பதிவது அப்போதுதான்.

கேள்வி (தந்தை, கிண்ணியா): மகன் காதில் பாட்டு, கையில் தொலைபேசி, மேசையில் கணக்குக் கொப்பி என்று இருக்கிறான். எல்லாவற்றையும் ஒன்றாகச் செய்ய முடியும் என்கிறான். உண்மையா?

பதில்: உண்மையல்ல, ஐயா, ஆனால் அவர் பொய்யும் சொல்லவில்லை, அவருக்கு அப்படித்தான் தோன்றும். கொலின் செரி 1953இல் இரு காதுகளுக்கும் வெவ்வேறு பேச்சைக் கேட்கச் செய்து, ஒன்றை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லச் சொன்னார். மற்றக் காதில் ஒலித்த குரல் ஆணிலிருந்து பெண்ணுக்கு மாறியதைக் கவனித்தவர்கள்கூட, அதில் என்ன பேசப்பட்டது என்பதைச் சொல்ல முடியாமல் நின்றார்கள். கணக்கையும் செய்தியையும் ஒன்றாகப் பார்ப்பதாக நினைப்பவர், உண்மையில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவித் தாவித் திரும்புகிறார். ஒவ்வொரு தடவை திரும்பும்போதும், விட்ட படியை மனதில் மீண்டும் கட்ட வேண்டியிருக்கிறது.

பாட்டைப் பொறுத்தவரை, சொற்கள் உள்ள பாட்டு, வாசித்து மனனம் செய்யும் வேலையைக் குழப்புகிறது. அறியாத மொழிப் பேச்சுகூட அந்த இடையூறைத் தரும். தொலைபேசியைப் பறிக்க வேண்டாம். படிக்கும் அரை மணி நேரம் அது வேறு அறையில் இருக்கட்டும் என்று அவரோடு பேசி உடன்பாட்டுக்கு வாருங்கள்.

கேள்வி (தாய், சாம்பல்தீவு): ஞாபகசக்திக்கு வல்லாரை கொடுக்கலாமா? கடையில் மாத்திரையும் விற்கிறார்கள்.

பதில்: வல்லாரைச் சம்பல் நல்ல உணவு, கொடுங்கள். மாத்திரைக்குக் காசைச் செலவழிக்க வேண்டாம். பிள்ளையை நேரத்துக்கு உறங்க விடுங்கள். படித்தது உறுதிப்படுவதில் உறக்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

கேள்வி (சுழியோடக் கற்பிப்பவர், நிலாவெளி): புறாத்தீவுப் பக்கம் புதியவர்களை அழைத்துச் செல்கிறேன். கரையில் சொல்லிக்கொடுத்த சைகைகளைத் தண்ணீருக்குள் மறந்துவிடுகிறார்கள். ஏன்?

பதில்: உங்கள் தொழிலிலேயே செய்யப்பட்ட ஆய்வு ஒன்று உண்டு. கொட்டன், பாட்லி ஆகியோர் ஸ்கொட்லாந்தில் சுழியோடிகளைச் சொற்பட்டியல்கள் கற்கச் செய்து 1975இல் வெளியிட்ட முடிவின்படி, நீருக்கடியில் கற்றவை நீருக்கடியிலும், கரையில் கற்றவை கரையிலும் கூடுதலாக நினைவுக்கு வந்தன. பாடநூல்கள் எல்லாம் இதை எடுத்துக்காட்டும். ஆயினும் 2021இல் வெளியான ஒரு மறுசோதனையில் அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆதலால் இடமாற்றத்தை மட்டும் காரணமாகக் கொள்ள மாட்டேன். மூச்சையும் காதில் ஏறும் அழுத்தத்தையும் பற்றிய பதற்றம் புதியவரின் கவனத்தைப் பிடித்துக்கொள்ளும்போது, சைகைக்கு மிஞ்சுவது சொற்பமே. இடுப்பளவு நீரில், வாயில் காற்றுக்குழாயோடு, கை தானாக எழும் வரை சைகைகளைப் பழக்குங்கள். ஆழம் கூடும்போது வரும் மயக்கம் வேறு விடயம். அதைச் சுழியோட்ட மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி (அறநெறிப் பாடசாலை ஆசிரியை, நகரம்): தேவாரத்தை முழுதாகப் பாடும் பிள்ளைக்கு, நடுவில் ஓர் அடியைத் தந்து தொடரச் சொன்னால் வராதது ஏன்?

பதில்: அருமையான கேள்வி. ஒவ்வோர் அடியும் அடுத்த அடிக்கு நினைவூட்டியாகிறது. முதலடியில் புறப்பட்ட பிள்ளைக்கு வழி தெரியும், நடுவில் இறக்கிவிட்டால் தெரியாது. வாய்ப்பாட்டை ஒன்றிலிருந்து ஒப்புவித்தால் மட்டும் சொல்லும் பிள்ளைக்கும் இதே நிலைதான். சில நாள் மூன்றாம் அடியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள், பொருளையும் கேளுங்கள். பொருள் விளங்கிய அடி தனித்தும் நிற்கும்.

கேள்வி (ஆரம்பப்பிரிவு ஆசிரியர், தம்பலகாமம்): பிள்ளைகளைக் கண்வழிக் கற்போர், செவிவழிக் கற்போர், செயல்வழிக் கற்போர் எனப் பிரித்துக் கற்பிக்குமாறு பயிற்சியில் சொன்னார்கள். சிறந்த வழி எது?

பதில்: பிரிக்க வேண்டாம். பாஷ்லர் உள்ளிட்ட நால்வர் 2008இல் இந்தக் கொள்கைக்கான சான்றுகளைத் திரட்டிப் பார்த்து, பிள்ளையின் வகைக்கேற்பக் கற்பித்தால் கூடுதலாகக் கற்கும் என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று முடிவு செய்தார்கள்.

அதே ஆசிரியர் மீண்டும்: மன்னிக்க வேண்டும் ஐயா. படம் காட்டினால்தான் விளங்கும் பிள்ளை என் வகுப்பில் இருக்கிறது. கண்ணால் காண்பதை ஆய்வு மறுக்குமா?

பதில்: நீங்கள் கண்டதை நான் மறுக்கவில்லை; அதற்குக் கொடுத்த விளக்கத்தையே மறுக்கிறேன். அந்தப் பிள்ளைக்குப் படம் உதவியது என்றால், மற்றப் பிள்ளைகளுக்கும் அந்தப் படம் உதவியதா என்று பார்த்தீர்களா? வகைக் கொள்கை உண்மையாக இருக்க வேண்டுமானால், ‘கண்வழி’ப் பிள்ளைக்குப் படமும் ‘செவிவழி’ப் பிள்ளைக்குப் பேச்சும் கூடுதல் பயன் தர வேண்டும், இருவருக்கும் படமே உதவினால், அது பாடத்தின் இயல்பே தவிரப் பிள்ளையின் வகையல்ல. திருகோணமலை இயற்கைத் துறைமுகத்தின் வடிவத்தைப் பேச்சினால் மட்டும் எந்தப் பிள்ளைக்கும் விளங்கவைக்க முடியாது, படம் வேண்டும். லகர ளகர ழகர வேறுபாட்டைப் படத்தினால் மட்டும் கற்பிக்க முடியாது, காது வேண்டும்.

கேள்வி (ஆசிரியை, மூதூர்): தம்பலகாமத்து ஆசிரியரோடு நானும் உடன்படுகிறேன். அமெரிக்க உளவியலாளர் ஹவார்ட் காட்னர் பல்வகை நுண்ணறிவு என்று சொன்னது இதைத்தானே?

பதில்: இல்லை. அவர் 1983இல் முன்வைத்தது திறமைகள் பல என்ற கருத்து. அதைக் கற்றல் வகைகளோடு கலக்கக் கூடாது என்று அவரே பின்னர் எழுதியிருக்கிறார். இதை நான் இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. “நீ கண்வழிக் கற்பவன்” என்று ஒன்பது வயதில் ஒரு பிள்ளைக்குச் சொல்லிவிட்டால், வாசித்து விளங்காத இடத்தில் அது முயற்சியை நிறுத்திவிட அந்தச் சொல்லே போதும். விருப்பம் பிள்ளைக்குப் பிள்ளை மாறும், அதை மதியுங்கள். அதன் பெயரால் எந்த வாசலையும் அடைத்துவிடாதீர்கள்.

கேள்வி (சாதாரண தர மாணவன், உப்புவெளி): வரலாறு பல தடவை வாசித்தும் மறக்கிறது.

பதில்: உவர்மலை மாணவிக்கு எழுதியதை வாசியுங்கள்.

கேள்வி (மாணவி, சல்லி): வாசித்தது எல்லாம் தெரிகிறது, எழுத வருவதில்லை.

பதில்: அதே பதில்தான். தெரிந்தது போல் இருப்பது வேறு. கொப்பியை மூடி எழுதுங்கள்.

கேள்வி (மகன், நகரம்): 70 வயதான அம்மா அடுப்பை அணைக்க மறக்கிறார், பழகிய தெருவில் வழி தவறினார். என்ன பயிற்சி கொடுக்கலாம்?

பதில்: பயிற்சிக்கு முன் வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள், தாமதிக்க வேண்டாம். தைரொயிட் குறைபாடு, விற்றமின் பி12 குறைபாடு, மனச்சோர்வு ஆகியவையும் மறதியைத் தரும். அவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தம்பலகாமத்து ஆசிரியர் மூன்றாம் முறை: அப்படியானால் நாளைக்கு வகுப்பில் என்ன செய்வது?

பதில்: பாடத்தைத் தொடங்குமுன் கரும்பலகையைத் துடைத்து, நேற்றுக் கற்றதில் மூன்று கேள்விகளையும் போன வாரத்ததில் ஒன்றையும் கேளுங்கள். கை உயர்த்துபவர் மட்டும் பதில் சொல்லாமல், எல்லாப் பிள்ளைகளும் கொப்பியில் எழுதட்டும். புள்ளி போட வேண்டாம். எழுதி முடித்ததும் சரியான விடையைச் சொல்லித் திருத்தச் செய்யுங்கள். பிறகு படமும் காட்டுங்கள், பேசவும் செய்யுங்கள், எல்லாப் பிள்ளைகளுக்கும் இரண்டையும். ஒரு தவணை அப்படிச் செய்துவிட்டு எழுதுங்கள், தொடர்ந்து விவாதிப்போம்.