இன்ஸ்டாகிராம் இருக்கும்போது வெப்சைட் எதற்கு?

கேள்வி: நானும் என் கணவரும் மரச்சாமான் பழுதுபார்க்கும் பட்டறை நடத்துகிறோம். பழைய சோபாவுக்கு மெத்தை தைப்பது, மேஜை நாற்காலிக்கு பாலிஷ் போடுவது எல்லாம் செய்கிறோம். ஆர்டர் முழுக்க இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் வழியாகத்தான் வருகிறது. சொந்தமாக வெப்சைட் இருந்தால்தான் தொழில் வளரும் என்று மகன் நச்சரிக்கிறான். தெரிந்தவர் ஒருவர், "வருடா வருடம் ஒரு தொகை கொடுத்துவிடுங்கள், எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிறார். எங்களுக்கு இது உண்மையிலேயே தேவையா, இல்லை வெறும் பந்தாவா?
– ஒரு வாசகி

பதில்: தேவைதான். ஆனால் உங்கள் மகன் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. வெப்சைட் போட்ட மறுநாளே ஆர்டர் கொட்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். புதிதாகத் தொடங்கிய தளம் இருப்பது யாருக்கும் தெரியாது. புது ஆட்களை அழைத்துவரும் வேலையை இன்ஸ்டாகிராம்தான் தொடர்ந்து செய்யப்போகிறது. அதை விட்டுவிடாதீர்கள்.

தளம் செய்யும் வேலை வேறு. உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்து, போன மாதம் வந்த கேள்விகளை ஒருமுறை மேலிருந்து கீழே படித்துப் பாருங்கள். வீட்டுக்கே வந்து எடுத்துப்போவீர்களா, எத்தனை நாள் ஆகும், பழைய ஸ்பாஞ்சையே வைத்துத் தைக்க முடியுமா, துணியை நாங்களே வாங்கித் தரலாமா, பிரம்பு பின்னுவீர்களா. ஆள்தான் மாறியிருப்பார்கள், கேள்வி மாறியிருக்காது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக டைப் செய்து அனுப்புகிறீர்கள், அதில் பாதிப் பேர் பதிலைப் பார்த்துவிட்டு அப்படியே போய்விடுவார்கள். இந்தப் பதில்களை எல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி வைத்துவிட்டால், அதைப் படித்துவிட்டுக் கூப்பிடுகிறவர் ஏறத்தாழ முடிவெடுத்துவிட்டுத்தான் கூப்பிடுவார். கேட்கவே தயங்குகிறவர்களும் உண்டு. ராத்திரி பதினொரு மணிக்கு யாரையும் தொந்தரவு செய்யாமல் விவரம் பார்க்க நினைக்கும் அவர்களுக்கும் அந்தப் பக்கம் பதில் சொல்லும்.

செய்யாத வேலைகளையும் அதில் எழுதுங்கள். கண்ணாடி மேஜை எடுப்பதில்லை என்றால் எடுப்பதில்லை என்றே போடுங்கள். பல பேர் இதற்குத் தயங்குகிறார்கள். ஆனால் தேவையில்லாத அழைப்புகள் குறைவதும் லாபம்தானே!

இன்ஸ்டாகிராமிலேயே இதையெல்லாம் போடலாமே என்று கேட்பீர்கள். போடலாம்தான், ஆனால் அங்கே ஒருசில போஸ்டுகளைத்தான் மேலே நிறுத்திவைக்க முடியும். போன வருடம் நீங்கள் பிரமாதமாகச் செய்த சோபாவின் படம் எத்தனையோ போஸ்டுகளுக்கு அடியில் போயிருக்கும். கணக்கு இல்லாத ஒருவர் உங்கள் பக்கத்தைப் பார்க்க வந்தால், கொஞ்சம் கீழே இறங்கியதுமே லாகின் செய்யச் சொல்லித் திரை மறைத்துவிடும். சொந்தத் தளத்தில் சோபா ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம் என்று பிரித்து, வேலைக்கு முன், வேலைக்குப் பின் படங்களை அடுக்கி வைக்கலாம்.

அப்புறம் தேடல். உடைந்த நாற்காலிக் காலைச் சரிசெய்ய முடியுமா என்று ஒருவர் கூகுளில் தேடும்போது, அந்தக் கேள்விக்கான பதில் எழுத்தாக இருக்கும் பக்கத்துக்குத்தான் முன்னே வர வாய்ப்பு அதிகம். 'எழுத்தாக' என்பதைக் கவனியுங்கள். விலைப்பட்டியலை அழகாக டிசைன் செய்து ஒரே படமாகப் போட்டுவிடுகிறார்கள். படத்துக்குள் இருப்பதைத் தேடுபொறி எழுத்தைப் படிக்கிற மாதிரி படிப்பதில்லை. கூகுள் மேப்பில் கடையைப் பதிவு செய்வது இலவசம், அதை முதலில் செய்துவிட்டு, அங்கே தளத்தின் முகவரியையும் கொடுங்கள்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் ஒரே சமயத்தில் சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. மூன்றையும் நடத்தும் ஒரே நிறுவனத்தின் உள் நெட்வொர்க்கில் செய்த ஒரு மாற்றம் தவறிப்போனதுதான் காரணம். சரி, ஆறு மணி நேரம் போனால் போகட்டும். ஆனால் உங்கள் கணக்கை யாராவது ஹேக் செய்தாலோ, ஏதோ விதிமீறல் என்று அவர்களே முடக்கிவிட்டாலோ எத்தனை நாளில் திரும்பக் கிடைக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. எதை யாருக்குக் காட்டுவது என்பதும் அவர்கள் முடிவுதான். 2018 ஜனவரியில் ஃபேஸ்புக், இனி நண்பர்களும் குடும்பத்தினரும் போடுவதற்கே முன்னுரிமை, வணிகப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகத்தான் தெரியும் என்று அறிவித்தது. மொத்தமாக மூடிவிட்டுப் போன சமூக வலைத்தளங்களும் உண்டு. ஆர்க்குட் 2014இல் போனது, கூகுள் பிளஸ் 2019இல்.

இதில் வேடிக்கை என்னவென்றால், சிறு கடைகளுக்காக கூகுளே இலவசமாகக் கொடுத்துவந்த குட்டி வெப்சைட்டுகளையும் 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதனால் வெறுமனே வெப்சைட் வைத்திருந்தால் மட்டும் போதாது, அதன் முகவரி உங்களுடையதாக இருக்க வேண்டும். டொமைன் என்று சொல்கிறார்களே, அதுதான். டொமைன் உங்கள் பெயரில் இருந்தால், தளத்தை நடத்தும் நிறுவனம் சரியில்லை என்று வேறு நிறுவனத்துக்கு மாறினாலும் முகவரி மாறாது. விசிட்டிங் கார்டையோ போர்டையோ மாற்ற வேண்டியதில்லை. பழைய வாடிக்கையாளருக்கும் அதே முகவரிதான்.

"எல்லாவற்றையும் நானே பார்த்துக்கொள்கிறேன்" என்கிற உங்கள் தெரிந்தவர் விஷயத்தில் எனக்குள்ள ஒரே கவலையும் இந்த டொமைன்தான். அவர் நல்லவராகவே இருக்கட்டும். டொமைனை அவர் தன் பெயரில், தன் மெயில் ஐடி போட்டுப் பதிவு செய்துவிட்டால், பதிவேட்டின்படி அது அவருடையது. நாளை அவர் வேறு வேலைக்குப் போய்விட்டாலோ, உங்களுக்குள் மனஸ்தாபம் வந்தாலோ, கடையின் பெயரை மீட்பது பெரும் பாடு. பதிவு செய்யும் நிறுவனத்தில் கணக்கை உங்கள் பெயரில் தொடங்கி, பாஸ்வேர்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். தளம் அமைக்க அவருக்குத் தனி அனுமதி கொடுத்தால் போதும். அந்தக் கணக்குக்குக் கொடுக்கும் மெயில், அதே டொமைனில் உள்ள மெயிலாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த மெயிலும் நின்றுவிடும், எச்சரிக்கைக் கடிதம்கூட வந்து சேராது.

டாட் காம் போன்ற பெயர்களை ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருடத்துக்குப் பதிவு செய்யலாம். புதுப்பிக்க மறந்தால், பொதுவாகக் கொஞ்ச நாள் அவகாசம் தருவார்கள், அதற்குப் பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் இருக்கும். அதையும் விட்டுவிட்டால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

அவர் கேட்கும் தொகையில் டொமைன் எவ்வளவு, ஹோஸ்டிங் (தளத்தை இணையத்தில் வைத்திருக்கும் இடத்துக்கான வாடகை) எவ்வளவு, அவர் கூலி எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். தளத்துக்கும் பார்ப்பவருக்கும் இடையே போகும் தகவலைப் பிறர் படிக்க முடியாமல் காக்கும் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தனிக் கட்டணம் என்றால் ஏன் என்று கேளுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு அதை இலவசமாகவே தருகிறது. அது இல்லாத தளங்களை 2018 ஜூலையிலிருந்து குரோம் 'பாதுகாப்பற்றது' என்று காட்டுவதால், அது இல்லாமலும் இருக்க முடியாது. விலகுவதானால் தளத்தின் முழு நகல் கிடைக்குமா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள்.

தளம் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. நான்கு பக்கம் தாராளம். ஆன்லைனில் பணம் கட்டும் வசதியெல்லாம் உங்கள் தொழிலுக்கு இப்போது வேண்டாம், சாமானைப் பார்க்காமல் நீங்கள் விலை சொல்லப்போவதில்லை. வாட்ஸ்அப் பட்டன் ஒன்று இருந்தால் போதும். முதலில் மொபைலில் திறந்து பாருங்கள், வருகிறவர்கள் பெரும்பாலும் அதில்தான் பார்ப்பார்கள். பழைய போன் நம்பரோடு கிடக்கும் தளத்தைவிடத் தளம் இல்லாததே மேல். அதனால் மாதம் ஒருமுறை திறந்து சரிபார்க்கும் பொறுப்பை, நச்சரித்த மகனிடமே கொடுங்கள். மகன் ஒத்துக்கொண்ட பிறகு தளத்துக்குப் பணம் கட்டினால் போதும்.

டொமைனை மட்டும் இந்த வாரமே பதிவு செய்துவிடுங்கள். போனில் ஒருமுறை சொன்னால் எதிரே இருப்பவர் பிழையில்லாமல் டைப் செய்யக்கூடிய பெயராகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.