ஆபீஸ் நண்பர் கவர்னருக்கு நிக்கிறார், எச்1பி-ல இருக்கற நான் காசு குடுக்கலாமா?

கேள்வி: மினசோட்டாவுல ஐடி வேலைல இருக்கேன், எச்1பி, கிரீன்கார்டு ஃபைல் ஓடிட்டிருக்கு. மனைவிக்கு கல்யாணத்துக்கு முன்னாடியே கிரீன்கார்டு வந்துடுச்சு. என்கூட வேலை பார்க்கிற ஒரு அமெரிக்கர் எந்தக் கட்சியும் இல்லாம கவர்னர் எலெக்ஷன்ல நிக்கப் போறாராம். 500 டாலர் டொனேஷன் கேட்கிறார், வெப்சைட் பண்ணித் தரச் சொல்றார், பெட்டிஷன்ல கையெழுத்தும் கேட்கிறார், முடிஞ்சா கணக்கையும் நீயே பார்த்துக்கோங்கறார். நல்ல மனுஷன், முகத்துக்கு நேரா முடியாதுன்னு சொல்ல சங்கடமா இருக்கு. என் விசாவுக்கு இதனால பிரச்சனை வருமா? இன்னொண்ணு, இந்த மாதிரி ஆளுக்கெல்லாம் நிஜமாவே சான்ஸ் இருக்கா?

பதில்: நான் இங்க லோக்கல் எலெக்ஷன் கேம்பெய்ன்களுக்கு கணக்கு வழக்கு பார்த்துக் குடுக்கறவன், அதனால முதல்ல காசு விஷயத்தையே சொல்லிடறேன். நீங்க 500 இல்ல, 5 டாலர் கூட குடுக்கக் கூடாது. கிரீன்கார்டு இல்லாத வெளிநாட்டுக்காரங்க அமெரிக்கால எந்த எலெக்ஷனுக்கும் காசு குடுக்கக் கூடாதுங்கறது ஃபெடரல் சட்டம், இது பிரசிடெண்ட் எலெக்ஷனுக்கு மட்டும்தான்னு நிறைய பேர் நினைச்சிட்டிருக்காங்க, அப்படி இல்ல, கவர்னர், மேயர், ஸ்கூல் போர்டு வரைக்கும் எல்லாத்துக்கும் பொருந்தும். எச்1பி, எல்1, எஃப்1 விசா எல்லாமே இதுல அடக்கம். நீங்க எத்தனை வருஷம் டாக்ஸ் கட்டினீங்கங்கறது இங்க கணக்கே இல்ல.

உங்க மனைவி குடுக்கலாம், கிரீன்கார்டு இருக்கறவங்களுக்கு அந்தத் தடை கிடையாது. ஆனா அது அவங்க காசா இருக்கணும். நீங்க 500 டாலரை அவங்க அக்கவுண்டுக்கு மாத்தி, அவங்க பேர்ல அனுப்பினா அது இன்னொருத்தர் பேர்ல குடுத்த டொனேஷன் ஆயிடும், அது தனியா ஒரு குற்றம். நம்ம ஆளுங்க "வீட்டுக் காசுதானே, யார் பேர்ல போனா என்ன"ன்னு சாதாரணமா பண்ணிடுவாங்க, அதான் அழுத்திச் சொல்றேன். அவங்க சம்பளம் ஏர்ற அக்கவுண்ட்ல இருந்து, அவங்க கார்டுல, அவங்களா முடிவு பண்ணிக் குடுத்தா தப்பில்ல. மினசோட்டால 200 டாலரைத் தாண்டினா குடுத்தவங்க பேர், அட்ரஸ், வேலை எல்லாம் ரிப்போர்ட்ல ஏறி யார் வேணா பார்க்கிற மாதிரி வந்துடும், அது வேண்டாம்னா அதுக்குக் கீழ நிறுத்திக்கச் சொல்லுங்க. இந்தக் காசுக்கு ஃபெடரல் டாக்ஸ்ல கழிவும் கிடைக்காது.

அடுத்து பெட்டிஷன். இதுல சத்தியமா கை வைக்காதீங்க. பெரிய கட்சி டிக்கெட் இல்லாதவர் கவர்னருக்கு நிக்கணும்னா இங்க 2,000 பேர் கையெழுத்து வேணும், அந்த பேப்பர்ல கையெழுத்து போடறவர் ஓட்டுரிமை உள்ளவரா இருக்கணும். பார்க்கிங் லாட்ல கிளிப்போர்டு நீட்டி "இங்க ஒரு சைன் போடு"ன்னு ஜாலியாத்தான் கேட்பார், ஆனா கையெழுத்து போடறது கூரியர் வாங்கற மாதிரி இல்ல, நான் இங்க ஓட்டு போடத் தகுதி உள்ளவன்னு நீங்களே எழுதிக் குடுக்கற மாதிரி. மனைவியும் போடக் கூடாது, கிரீன்கார்டுக்கு டொனேஷன் உரிமை உண்டு, ஓட்டுரிமை கிடையாது. நாளைக்கு அவங்க சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்றப்ப, வோட்டரா ரெஜிஸ்டர் பண்ணியிருக்கியா, ஓட்டு போட்டிருக்கியான்னு ஃபார்ம்லயே கேள்வி இருக்கு. தெரியாம வோட்டரா ரெஜிஸ்டர் ஆகி, அதனால சிட்டிசன்ஷிப் சிக்கலாகி, நாட்டை விட்டு அனுப்பற கேஸ் வரைக்கும் போனவங்க உண்டு.

வெப்சைட் பண்ணித் தரலாமா? தரலாம், சம்பளம் வாங்காம உங்க சொந்த நேரத்துல செய்யற வாலண்டியர் வேலைக்குத் தடை இல்ல. சம்பளம் வாங்கினா எச்1பி-க்கே வேட்டு. ஆனா இதுல சின்னச் சின்ன கண்ணி நிறைய இருக்கு. டொமைன் பேர் வாங்க 12 டாலர், ஹோஸ்டிங் மாசம் 10 டாலர், அவர் பிஸியா இருக்கார்னு உங்க கார்டைப் போட்டீங்கன்னா அது டொனேஷன், நீங்க குடுக்கக் கூடாத டொனேஷன். சனிக்கிழமை வாலண்டியர் மீட்டிங்குக்கு எல்லாருக்கும் பீட்சா வாங்கிட்டுப் போறதையும் தவிர்த்துடுங்க. எல்லா பில்லும் கேம்பெய்ன் கார்டுல போகணும். ஆபீஸ் லேப்டாப், ஆபீஸ் ஜூம், ஆபீஸ் கிளவுட் அக்கவுண்ட் எதையும் தொடாதீங்க, மினசோட்டால கம்பெனிங்க வேட்பாளருக்குக் குடுக்கறது தடை, உங்க லேப்டாப் வழியா கம்பெனி குடுத்த மாதிரி ஆகி அவர் தலையும் உருளும், ரெண்டு பேரும் ஒரே கம்பெனிங்கறதால எச்ஆர் வேற சும்மா இருக்காது.

கணக்கு பார்க்கறதுக்கு மட்டும் கண்டிப்பா நோ. யாருக்கு எவ்வளவு செலவு பண்றது, எந்த விளம்பரத்துக்குக் காசு போடறதுங்கற முடிவுல வெளிநாட்டுக்காரர் கலந்துக்கவே கூடாது, டிரெஷரர்னா அதானே வேலை. போன் பண்றது, கதவு தட்டறது, போர்டு நடறது, நாற்காலி தூக்கறது, இதெல்லாம் தாராளமா செய்யலாம். ஃபைல் ஓடற நேரங்கறதால உங்க இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மெயில் தட்டிட்டு ஆரம்பிங்க, அவ்வளவுதான்.

இப்ப ரெண்டாவது கேள்விக்கு வரேன், எனக்குப் பிடிச்ச கேள்வியும் இதுதான். (ஊர்ல இருந்து படிக்கிறவங்களுக்கு, இங்க கவர்னர்னா ராஜ்பவன்ல இருக்கறவர் மாதிரி நியமனம் இல்ல, ஜனங்க ஓட்டு போட்டு வர்ற ஆள், அதிகாரத்துல நம்ம சி.எம். மாதிரி.) உங்க நண்பர் கண்டிப்பா 1998-ஐ உதாரணம் சொல்லியிருப்பார், மினசோட்டால இந்த மாதிரி நிக்கிற எல்லாரும் அதைத்தான் சொல்வாங்க. டிவி ரெஸ்லிங்ல இருந்து வந்த ஜெஸ்ஸி வென்ச்சுரா, ரிஃபார்ம் பார்ட்டின்னு ஒரு சின்ன கட்சில நின்னு, செயிண்ட் பால் மேயரா இருந்த ரிபப்ளிகன் நார்ம் கோல்மனையும், ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ஸ்கிப் ஹம்ஃப்ரியையும் தோற்கடிச்சார். ஹம்ஃப்ரியோட அப்பா அமெரிக்க துணை ஜனாதிபதியா இருந்தவர், அந்த ஊர்ல அந்தப் பேருக்கு அவ்வளவு மரியாதை. வென்ச்சுரா 37 சதவீதம், கோல்மன் 34, ஹம்ஃப்ரி 28. செப்டம்பர் சர்வேல வென்ச்சுரா வெறும் 10 சதவீதம் பக்கத்துலதான் இருந்தார்.

அதிசயம் அதிசயம்னு எழுதினாங்க, எனக்கு அதுல ஒப்புதல் இல்ல. ஆளோட கவர்ச்சி ஒரு பக்கம், அதை ஓட்டா மாத்த இந்த ஸ்டேட்டோட ரூல்ஸ் இடம் குடுத்துச்சு, அதை யாரும் பேசறதில்ல. அந்தக் கட்சில இருந்து டீன் பார்க்லேன்னு ஒருத்தர் 1994-லயும் 1996-லயும் செனட்டுக்கு நின்னு தோத்தார், ஆனா ரெண்டு தடவையும் 5 சதவீதத்துக்கு மேல வாங்கிட்டார், அதனால கட்சிக்கு "பெரிய கட்சி" அந்தஸ்து வந்து நிலைச்சுது. அந்த பார்க்லேதான் வென்ச்சுராவை நிக்கச் சொல்லி இழுத்துட்டு வந்து கேம்பெய்னையும் நடத்தினார். அந்த அந்தஸ்தால ஓட்டுச்சீட்டுல பேர் வர்றதுக்குக் கையெழுத்து கேட்டு வீடு வீடா அலைய வேண்டியதில்ல, அரசாங்கத் தேர்தல் நிதியும் உண்டு. அந்த நிதி கைக்கு வர்றதுக்கு முன்னாடி அதைக் காட்டி பேங்க்ல லோன் கேட்டா பல பேங்க் கையை விரிச்சுது, கடைசில ஒரு மினியாபொலிஸ் பேங்க் சுமார் 3 லட்சம் டாலர் குடுத்துச்சு. கடைசி வாரங்கள்ல டிவில ஓடின விளம்பரம் அந்தக் காசுதான். ரெண்டு பசங்க வென்ச்சுரா பொம்மையை வச்சுட்டு, காசுக்கார லாபி ஆள் பொம்மையோட சண்டை போடற மாதிரி ஒரு விளம்பரம், பில் ஹில்ஸ்மன்ங்கறவர் எடுத்தது, செம சிம்பிள், ஊர் பூரா அதையே பேசுச்சு.

மூணாவது காரணம், விவாத மேடை. ரெண்டு பெரிய கட்சி ஆளுங்களோட சரிசமமா அவரையும் உட்கார வச்சாங்க, ஹம்ஃப்ரியே அவரைச் சேர்க்கணும்னு நின்னார், ரிபப்ளிகன் ஓட்டைத்தான் இந்த ஆள் பிரிப்பார்ங்கற கணக்குல. கணக்கு தப்பாப் போச்சு. அதுக்கு மேல, மினசோட்டால 1974-ல இருந்தே தேர்தல் நாள் அன்னைக்கு பூத்துக்கே போய் ரெஜிஸ்டர் பண்ணி ஓட்டு போடலாம். 1998-ல அப்படி அன்னைக்கே ரெஜிஸ்டர் பண்ணவங்க 3 லட்சத்துக்கு மேல, அதுல நிறைய பேர் இளவட்டம். சர்வே எடுக்கறவங்க லிஸ்ட்ல இவங்க எப்படி இருப்பாங்க? கடைசி மூணு நாள் ஒரு வேன்ல ஊர் ஊரா ராப்பகலா சுத்தினதும் இந்தக் கூட்டத்தைக் கிளப்பத்தான்.

இதே மாதிரி ஆள் வேற ஸ்டேட்ல நின்னா என்ன ஆகும்னு டெக்சஸ்ல 2006-ல பார்த்தோம். கிங்கி ஃப்ரீட்மன், பாட்டுக்காரர், எழுத்தாளர், கறுப்புத் தொப்பி, வாயில சுருட்டு, நாடு பூரா தெரிஞ்ச மூஞ்சி, பேசினா சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். அங்க சுயேச்சைக்கு 45,540 கையெழுத்து வேணும், அதுவும் பிரைமரி, அதாவது கட்சிங்க வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கற தேர்தல், முடிஞ்ச பிறகுதான் வாங்க ஆரம்பிக்கணும், பிரைமரில ஓட்டு போட்டவங்க கையெழுத்து செல்லாது. அதையும் தாண்டி வந்தார். விவாத மேடையும் கிடைச்சுது. ஆனா டெக்சஸ்ல ரெஜிஸ்ட்ரேஷன் தேர்தலுக்கு 30 நாள் முன்னாடியே மூடிடும், கடைசி வாரத்துல சூடு பிடிச்சு என்ன பண்ண? போதாக்குறைக்கு கரோல் ஸ்ட்ரேஹார்ன்னு இன்னொரு பலமான சுயேச்சை. ஃப்ரீட்மன் 12 சதவீதத்தோட நாலாவது, ஏற்கனவே கவர்னரா இருந்த ரிக் பெர்ரி 39 சதவீதத்துலயே ஜெயிச்சுட்டுப் போயிட்டார்.

ஓட்டு பிரிஞ்சா என்ன ஆகும்னு மெயின்ங்கற (Maine) ஸ்டேட்காரங்களைக் கேளுங்க. 2010-ல எலியட் கட்லர்னு ஒரு சுயேச்சை 36 சதவீதம் பக்கம் வந்து, 38-ஐக் கூடத் தொடாத ரிபப்ளிகன் பால் லெபாஜ்கிட்ட தோத்தார், டெமாக்ரட் மூணாவது. 2014-ல அதே கட்லர் மறுபடி நின்னு 8 சதவீதத்துக்கு வந்துட்டார், ஏன்னா ஜனங்க பயந்து பெரிய கட்சிப் பக்கம் ஓடிட்டாங்க. அதே மெயின்ல ஆங்கஸ் கிங் 1994-ல சுயேச்சையா நின்னு ஜெயிச்சதும் உண்மைதான், ஆனா அவர் ஊருக்குத் தெரிஞ்ச டிவி முகம், கைல சொந்தக் காசும் இருந்துச்சு. கனெக்டிகட்ல 1990-ல ஜெயிச்ச லோவல் வைக்கர், ரோட் ஐலண்டுல 2010-ல ஜெயிச்ச லிங்கன் சேஃபி, ரெண்டு பேருமே முன்னாள் செனட்டர்கள். ஆபீஸ்ல இருந்து நேரா எழுந்து வந்து ஜெயிச்ச ஆள் இந்த லிஸ்ட்ல இல்லீங்க.

அதனால உங்க நண்பர்கிட்ட "ஜெயிப்பியா"ன்னு கேட்காதீங்க, எல்லாரும் ஆமான்னுதான் சொல்வாங்க. அந்த 2,000 கையெழுத்து வாங்கறதுக்கு மே கடைசி, ஜூன் ஆரம்பம்னு வெறும் ரெண்டு வாரம்தான் டைம், அந்த ரெண்டு வாரத்துல எத்தனை பேர் எந்தெந்த ஊர்ல நிக்கப் போறாங்கன்னு கேளுங்க, செல்லாத கையெழுத்து கழியும்ங்கறதால 3,000-க்கு பிளான் வச்சிருந்தா ஆள் வீட்டுப்பாடம் பண்ணியிருக்கார்னு அர்த்தம். லெப்டினன்ட் கவர்னருக்கு, அதாவது துணை கவர்னருக்கு, ஜோடி யாருன்னு கேளுங்க, இங்க ரெண்டு பேரும் சேர்ந்தேதான் நிக்கணும், அதுக்கே ஆள் கிடைக்கலைன்னா மேல பேச ஒண்ணுமில்ல. டிரெஷரர் வேலைக்கு ஆபீஸ்ல பக்கத்து சீட்காரரைக் கேட்கிறார்ங்கறதே எனக்கு ஒரு மாதிரி படுது, அது அனுபவம் உள்ள ஆள் பார்க்க வேண்டிய வேலை. ஒரு விஷயம் வென்ச்சுரா காலத்தை விட கஷ்டம் ஆயிடுச்சு, பெரிய கட்சி அந்தஸ்துக்கு அப்ப 5 சதவீதம் போதும், 2023-ல அதை 8 ஆக்கிட்டாங்க.

ஜெயிக்கலைன்னா எல்லாம் வேஸ்ட்டுன்னும் நான் சொல்ல மாட்டேன். பார்க்லே முன்னாடி நின்னு தோத்ததாலதான் 1998 நடந்துச்சு. உங்க நண்பர் அந்த மாதிரி நாலு வருஷத்துக்கு அப்புறம் வர்றவங்களுக்கு வழி போடத்தான் நிக்கறேன்னு சொன்னா, மனைவிக்கு விருப்பம் இருந்தா நூறு டாலர் குடுக்கட்டும், நீங்க ஞாயித்துக்கிழமை நாலு மணி நேரம் வெப்சைட் பண்ணிக் குடுங்க. ஜெயிச்சே தீருவேன்னு வீட்டை அடமானம் வச்சு இறங்கறார்னா நண்பரா நீங்க சொல்ல வேண்டியது வேற.

சங்கடத்துக்கு ஒரு வழி, இதை அப்படியே மெசேஜா அனுப்பிடுங்க: "என் விசாவுல காசு குடுக்கறதும் கையெழுத்து போடறதும் சட்டப்படி முடியாது, உன் கேம்பெய்னுக்கும் அதனால அபராதம் வரும். வெப்சைட் வேலை ஃப்ரீயா பண்றேன், டொமைனும் ஹோஸ்டிங்கும் கேம்பெய்ன் கார்டுல நீ வாங்கிட்டு எனக்கு லாகின் மட்டும் குடு." இதுல கோபப்பட ஒண்ணுமில்ல, எலெக்ஷன் ரூல்ஸ் தெரிஞ்ச ஆளா இருந்தா உங்ககிட்ட காசு வாங்காம தப்பிச்சோம்னு அவரே சந்தோஷப்படுவார்.