முதுகில் ஆபரேஷன் முடிந்தும் கால் வலி விடவில்லையே?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். வயது 52. எட்டு மாதம் முன்பு இடுப்பில் எல்4-எல்5 டிஸ்க் (நான்காவது, ஐந்தாவது இடுப்பெலும்புகளுக்கு நடுவில் மெத்தைபோல் இருக்கும் தட்டு) ஆபரேஷன் செய்தார்கள். இரண்டு மாதம் நன்றாக இருந்தது. இப்போது மறுபடியும் பிட்டத்திலிருந்து வலது கால் கட்டைவிரல் வரை சுளீரென்று இழுக்கிறது. காலையில் சி.எஸ்.எம்.டி. வரை ரயிலில் நின்றுகொண்டு போக முடியவில்லை. சர்க்கரையும் உண்டு. இன்னொரு ஆபரேஷன் தேவைப்படுமா?

பதில்: இப்போதே அந்த முடிவுக்குப் போக வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் படுவது, இரண்டு மாதம் நன்றாக இருந்தது என்பதுதான். ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்தே அதே வலி என்றால், நரம்பின் மேல் இருந்த அழுத்தம் முழுசாக நீங்கவில்லையோ, வலி வேறு இடத்திலிருந்து வருகிறதோ என்று யோசிப்போம். நடுவில் விட்டு மறுபடி வந்தால், மிச்சமிருந்த டிஸ்க் திரும்பப் பிதுங்கியிருக்கலாம். அல்லது உள்ளே உருவான தழும்பு நரம்பைச் சுற்றிப் பிடித்திருக்கலாம். முதலாவது பெரும்பாலும் ஒரு நாள் தண்ணீர் பக்கெட்டைத் தூக்கும்போதோ தும்மும்போதோ திடீரென்று ஆரம்பிக்கும். தழும்பு வலி மெல்ல மெல்ல ஏறும்.

சாதாரண எம்.ஆர்.ஐ.யில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கடினம். மருந்து ஏற்றி எடுக்கும் கான்ட்ராஸ்ட் எம்.ஆர்.ஐ. கேளுங்கள். தழும்பு மருந்தை வாங்கி வெளிச்சமாகத் தெரியும். பிதுங்கிய டிஸ்க் பொதுவாக அப்படி வாங்காது. சர்க்கரை இருப்பதால் அதற்கு முன் கிரியேட்டினின் என்ற சிறுநீரக ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். மூன்று மாத சராசரிச் சர்க்கரையும் பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால் வைட்டமின் பி12 அளவும் அவசியம். இரண்டு பாதமும் சேர்ந்து எரிந்தால் சர்க்கரையே காரணமாக இருக்கலாம்.

டிஸ்க் பிதுங்கியிருந்தாலும் பலருக்கு மருந்திலும் பிசியோதெரபியிலும் அடங்கிவிடும். அடங்காவிட்டால் இரண்டாவது ஆபரேஷனில் நியாயம் உண்டு. தழும்பு மட்டுமே என்றால் நான் கத்தி வைக்கச் சொல்ல மாட்டேன், வெட்டிய இடத்தில் மறுபடியும் தழும்புதான் வரும். பிரிகாபலின், டுலாக்செட்டின் போன்ற நரம்பு வலி மாத்திரைகள் எல்லோருக்கும் கேட்காது. குறைந்த அளவில் தொடங்கிப் பார்ப்போம். தூக்கம் வரும், தலை சுற்றும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தக் கூடாது. நரம்பு வேருக்கு அருகில் போடும் ஸ்டீராய்டு ஊசி சிலருக்குச் சில வாரம், சில மாதம் நிம்மதி தரும், ஆனால் சில நாள் சர்க்கரை ஏறும். எதற்கும் மசியாத வலிக்குத் தண்டுவடத்தில் மின்தூண்டல் கருவி வைக்கலாம். செலவு லட்சக்கணக்கில். தற்காலிகமாக வைத்துப் பார்த்து, வலி பாதியாவது குறைந்தால்தான் நிரந்தரமாக வைப்பார்கள்.

படுத்தே கிடக்காதீர்கள். வீட்டுப் பக்கத்திலேயே காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக நடங்கள். ஊருக்குப் போய் இழுத்துவிட்டுக் கட்டுப்போட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். ஆபரேஷன் செய்த முதுகில் அதைச் செய்யவே கூடாது. டைக்ளோஃபினாக் வலி மாத்திரையை மருந்துக்கடையில் நீங்களாக வாங்கிப் போடுவதும் வேண்டாம், சர்க்கரைக்காரருக்குச் சிறுநீரகம் கெடும்.

சுவரைப் பிடித்தபடி குதிகாலில் நின்று இரண்டு பாதங்களின் முன்பகுதியையும் தூக்கிப் பாருங்கள். வலது பாதம் எழும்பாமல் தொங்கினாலோ, நடக்கையில் செருப்பு தானாக நழுவினாலோ ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள். ஆபரேஷன் இடத்தில் சீழ், காய்ச்சல் என்றாலும் அப்படியே. சிறுநீர் வராமல் அடைத்தாலோ, பிறப்புறுப்பு, ஆசனவாய்ப் பக்கம் மரத்துப்போனாலோ விடியும்வரை காத்திருக்காமல் சயான் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

எங்கே போனாலும் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷனுக்கு முன் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களையும் கையோடு கொண்டுபோங்கள். புதிய படத்தை அவற்றோடு ஒப்பிட்டுத்தான் டாக்டர் முடிவெடுப்பார்.