கறுப்பு நாய் வளர்க்க ஆசை. பாலக்காட்டு வெயிலுக்கு எந்த இனம் ஏற்றது?
கொழிஞ்சாம்பாறையில் தோட்டத்து வீடு, கறுப்பு நாய்தான் வேண்டும் என்கிறீர்கள். நானும் அந்தப் பக்கத்துக்காரன்தான். கண்ணை மூடிக்கொண்டு கன்னி இன நாயைச் சொல்வேன். உடம்பெல்லாம் கறுப்பு, புருவத்திலும் கால்களிலும் செம்பழுப்பு, அவ்வளவு அழகு! தென் தமிழ்நாட்டுக் கரிசல் காட்டு வேட்டை நாய். குட்டை முடி, மெலிந்த உடம்பு என்பதால் நம் ஏப்ரல் வெயிலைத் தாங்கும். ஆனால் ஓட இடம் வேண்டும், கட்டியே போட்டால் வாடிவிடும்.

குழந்தைகள் இருந்தால் கறுப்பு லாப்ரடாரும் சரி, அப்படியொரு பாசம். அதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து குளிரில் வளர்ந்தவை; இரட்டை அடுக்கு ரோமம். கறுப்பு நிறம் வெப்பத்தையும் உறிஞ்சும். அதனால் காலை 7 மணிக்கு முன்பும் பொழுது சாய்ந்த பிறகும் மட்டும் நடக்கக் கூட்டிப் போங்கள். அப்புறம் ராட்வைலர் என்ற கறுப்புக் காவல் நாய்: முதல்முறை வளர்ப்பவருக்கு வேண்டாம்.