கொரோனா தடுப்பூசி போட்ட பிறகு உங்களுக்கு என்னென்ன பக்கவிளைவுகள் வந்தன? பயந்தீர்களா?

மூன்று ஊசி போட்டிருக்கிறேன், மூன்றும் மூன்று விதம். முதலாவதற்குக் காய்ச்சல், இரண்டாவதற்கு ஒன்றுமே இல்லை, மூன்றாவதற்கு அக்குளில் ஒரு கட்டி. பயந்தேனா என்றால், காய்ச்சலுக்குப் பயப்படவில்லை. வரும் என்று ஊசி போட்டவரே சொல்லி அனுப்பியிருந்தார். கட்டியைப் பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு நன்றாகவே பயந்தேன்.

முதல் டோஸ் 2021இல், அடினோவைரஸ் வகை (கோவிஷீல்டு மாதிரி, தீங்கில்லாத ஒரு வைரஸில் ஏற்றித் தருவது). ஊசி இறங்கியதே தெரியவில்லை. பதினைந்து நிமிடம் உட்காரச் சொன்னார்கள். ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துப் பாதியில் எழுந்து போனவர்கள் உண்டு. கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள்தான் வரும் என்பதால் உட்கார வைக்கிறார்கள், தயவுசெய்து உட்காருங்கள்.

சாயங்காலம் வரை நன்றாகத்தான் இருந்தேன். இரவு பதினொரு மணி வாக்கில் குளிர ஆரம்பித்தது. போர்வைக்கு மேல் போர்வை போர்த்தியும் பல் தந்தியடித்தது. தெர்மாமீட்டரை நாக்குக்கு அடியில் வைத்தால் பல்லில் பட்டுக் கடகடவென்று சத்தம் வந்தது. கடைசியில் அக்குளில் வைத்துத்தான் பார்த்தேன், 101.4 காட்டியது. ஒரு பாரசிட்டமால் போட்டுக்கொண்டு படுத்தேன். மறுநாள் மாலைக்குள் தலையணை நனையும் அளவுக்கு வியர்த்து, காய்ச்சல் இறங்கிவிட்டது. கைவலி மட்டும் மூன்று நாள். பின்னல் போடக் கையைத் தூக்க முடியவில்லை.

அதே நாளில், அதே அறையில், அதே ஊசி போட்டுக்கொண்ட என் கணவருக்குக் குத்திய இடம்கூட வலிக்கவில்லை. "எனக்கு மட்டும் தண்ணி ஊசி போட்டுட்டாங்களோ?" என்று இரண்டு நாள் புலம்பினார். இந்தச் சந்தேகம் பலருக்கு இருப்பதால் சொல்கிறேன்: காய்ச்சல் என்பது உடம்பு முதலில் அடிக்கும் அபாய மணி. எதிர்ப்பொருள் உருவாவதும், கிருமியை நினைவில் வைத்துக்கொள்ளும் நினைவு செல்கள் உருவாவதும் அதற்குப் பின் வாரக்கணக்கில் நடக்கிற வேலை. மணிச்சத்தம் கேட்கவில்லை என்பதற்காக உள்ளே வேலை நடக்கவில்லை என்று அர்த்தமில்லை.

தண்ணி ஊசி என்றதும் இன்னொன்று. தடுப்பூசிச் சோதனைகளில் ஒரு பிரிவினருக்கு மருந்தில்லாத வெற்று ஊசி போடுவார்கள். அப்படி 12 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2022இல் ஓர் ஆய்வு வந்தது. முதல் வெற்று ஊசிக்கே 35 சதவீதம் பேர் தலைவலி, அசதி போன்ற உபாதைகளைச் சொல்லியிருந்தார்கள். வரும் வரும் என்று காத்திருந்தால் கொஞ்சம் வரத்தான் செய்யும் போல. என் காய்ச்சலை அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன், தெர்மாமீட்டருக்குக் கற்பனை கிடையாது.

இரண்டாவது டோஸுக்கு விடுப்பு எடுத்து, மாத்திரையும் தண்ணீரும் கட்டில் பக்கத்தில் வைத்துக்கொண்டு தயாராகப் படுத்தேன். ஒன்றும் வரவில்லை. அடினோவைரஸ் வகைக்கு முதல் டோஸ்தான் அதிகம் படுத்தும், எம்ஆர்என்ஏ வகைக்கு (ஃபைசர், மாடர்னா மாதிரி) இரண்டாவது என்று அப்புறம்தான் தெரிந்தது. விடுப்பு வீண்.

சரி, கட்டிக்கு வருகிறேன். மூன்றாவது ஊசி எம்ஆர்என்ஏ வகை, இடது கையில். லேசான உடம்பு வலி, ஒரே நாளில் போய்விட்டது. நான்காம் நாள் குளிக்கும்போது சோப்புக் கையில் ஏதோ தட்டுப்பட்டது. இடது அக்குளில், கோலிக்குண்டு அளவில், அழுத்தினால் வலித்தது. வலது பக்கம் தடவிப் பார்த்தேன், ஒன்றுமில்லை. மறுபடி இடது பக்கம். எங்கள் பெரியம்மா மார்பகப் புற்றுநோயில் இறந்தவர். அவருக்கும் முதலில் கைக்குப் பட்டது அக்குளில்தான். அன்று இரவு எல்லாரும் தூங்கிய பிறகு போனில் தேடக்கூடாததை எல்லாம் தேடிப் படித்தேன். கணவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்பது போல ஒரு நினைப்பு.

மறுநாள் மருத்துவரிடம் போனேன். பெரியம்மா கதையிலிருந்து ஆரம்பித்தேன். அவர் அழுத்திப் பார்த்துக்கொண்டே, "சமீபத்துல தடுப்பூசி போட்டீங்களா? எந்தக் கையில?" என்றார். இடது கை, அஞ்சு நாள் ஆச்சு என்றேன். "நெறி கட்டியிருக்கும்மா. கால்ல புண்ணு வந்தா தொடை இடுக்குல கட்டும்ல, அதே மாதிரிதான்."

நெறி! சின்ன வயதில் முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு எத்தனையோ தடவை நெறி கட்டியிருக்கிறது. இந்த வார்த்தை எனக்குத் தெரியாததா? கையில் போட்ட ஊசிக்கு அக்குள் நிணநீர்க் கணுக்கள்தான் முதல் பாசறை. நோய் எதிர்ப்புச் செல்கள் அங்கே பெருகும்போது கணு வீங்குகிறது. அபூர்வமும் இல்லை. மாடர்னா தடுப்பூசியின் பெரிய சோதனையில் இரண்டாம் டோஸுக்குப் பின் சுமார் 14 சதவீதம் பேர் அக்குளில் வீக்கமோ வலியோ இருந்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் என்னிடம் கொடுத்த துண்டுச்சீட்டில் காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி என்ற மூன்றோடு முடித்துவிட்டார்கள். நான்காவதாக ஒரு வரி சேர்த்திருந்தால் எனக்கு ஓர் இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும்.

ஆறு வாரத்தில் கரையாவிட்டால் வரச் சொன்னார். பதினைந்து நாளில் கரைந்துவிட்டது.

மாதவிடாயும் இப்படிச் சொல்லாமல் விட்ட ஒன்றுதான். எனக்குத் தேதி இரண்டு நாள் தள்ளியது. தடுப்பூசிதான் காரணம் என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் 2022 ஜனவரியில் கிட்டத்தட்ட 4,000 பெண்களின் கணக்கோடு வந்த ஆய்வில், ஊசி போட்ட சுழற்சி சராசரியாக ஒரு நாளுக்கும் குறைவாக நீண்டிருந்தது தெரிந்தது.

என்னுடையது எல்லாம் சின்னச் சமாச்சாரம். அபூர்வமாகப் பெரியவையும் உண்டு. எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பின், முக்கியமாக இளைஞர்களுக்கு இரண்டாம் டோஸ் போட்ட ஒரு வாரத்துக்குள், இதயத் தசை அழற்சி வரலாம். அடினோவைரஸ் வகைக்குப் பின் சில நாள் முதல் சில வாரங்களுக்குள், ரத்தத் தட்டணுக்கள் (பிளேட்லெட்) குறைந்து ரத்தம் உறைவது நடக்கலாம். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், விடாத கடும் தலைவலி, கால் வீக்கம் என்று எது வந்தாலும் பாரசிட்டமால் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள்.

பெரியம்மா நினைவில் அப்புறம் ஒருமுறை மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்கப் போனேன். ஊசி போட்டால் நான்கு முதல் ஆறு வாரம் தள்ளி எடுங்கள் என்று 2021இல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பிறகு, தள்ள வேண்டாம், ஊசி போட்டதை மட்டும் சொல்லுங்கள் என்று மாற்றினார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் அங்கிருந்த பெண் படிவத்தை நீட்டினார். பெயர், வயதுக்குக் கீழேயே இருந்தது: கடைசியாகக் கொரோனா தடுப்பூசி போட்டது எப்போது, எந்தக் கையில்?